கதவுக்கு முன்னால் இரண்டாவது ஜன்னல்

நான் செய்த குட்டி விமானங்களில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று யாராவது கேட்டால், முதுகில் வெட்டுத் தழும்போடு நிற்கும் டக்கோட்டாவைத்தான் எடுத்துக் காட்டுவேன். கேட்டவர் முகம் சுருங்கிப்போகும். பக்கத்திலேயே பளபளவென்று மற்றவை நிற்கும்போது இந்த ஆளுக்கு ஏன் இந்த ஒட்டுப்போட்ட சாமான்மேல் ஆசை என்று தோன்றும். தோன்றட்டும். அந்தத் தழும்பு இல்லாவிட்டால் என் தங்கை அந்த வருஷம் குழந்தையை விட்டுவிட்டுத்தான் கொழும்புக்குப் போயிருப்பாள்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குப் பாத்திரக் கடை. அப்பா வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வார். நான் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பாத்திரங்களில் பெயர் வெட்டுவேன். கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், எதற்குப் பாத்திரம் வாங்கினாலும் கொடுப்பவர் பெயரும் தேதியும் அதில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் யார் கொடுத்தது என்று நாளைக்கு யாருக்குத் தெரியும் என்பார்கள். குடத்தின் வயிற்றில் நெளியாமல் ஒரு கோடு இழுப்பது அவ்வளவு சுலபமில்லை. உளி கொஞ்சம் சறுக்கினால் மாமன் பெயர் மச்சான் பெயராகிவிடும். அந்த வேலையில் எனக்குக் கை நன்றாகப் பழகியிருந்தது. கையோடு கர்வமும் பழகியிருந்தது என்று அம்மா சொல்வாள்.

இது ஐம்பதுகளின் கடைசியில். திருச்சி ஏரோடிரோமிலிருந்து இலங்கைக்குப் போகும் டக்கோட்டா எப்போதாவது எங்கள் பக்கமாக வட்டமடித்துப் போகும். நான் உளியைப் போட்டுவிட்டு வெளியே ஓடுவேன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து அப்பா அசடு வழிவார். பழைய பேப்பர் கடையில் யுத்த காலத்து ஆங்கிலச் சஞ்சிகை ஒன்று கிடைத்தது. அதில் அதே டக்கோட்டாவைப் பக்கவாட்டிலும் மேலிருந்தும் எடுத்த படங்கள் இருந்தன. பிறகு எனக்கு வேறு என்ன வேண்டும்? கவராயத்தால் படத்தை அளந்து, பெருக்கி, காகிதத்தில் வரைந்தேன். கல்யாண முருங்கைக் கட்டை பஞ்சு போல லேசாக இருக்கும், சொன்னபடி கேட்கும். அதில் உடம்பைச் செதுக்கினேன். இறக்கைகளையும் அதிலேயே இழைத்து வச்சிரம் காய்ச்சி ஒட்டினேன். பவுடர் டப்பாத் தகரத்தில் காற்றாடிகளை வெட்டினேன். கோட்டுப் பொத்தான்கள் சக்கரங்களாயின. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனிகளே வழுவழுப்பாகிவிட்டன.

பெயிண்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் முரடன். தெருவிளக்குக் கம்பத்துக்கு அடிக்கும் சில்வர் பெயிண்டுதான் எனக்கும் கிடைத்தது. ஆனால் கம்பத்துக்கு அடிப்பதுபோல் அப்பிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டர்பன்டைன் விட்டு இளக்கி, ஒரு கை அடித்து, முழுக்கக் காயவிட்டு, மென்மையாகத் தேய்த்து, மறுபடி ஒரு கை. அப்படிப் பலமுறை அடித்தால்தான் மரம் மறைந்து தகடு தெரியும். தகட்டுக்குத் தகடு ஓடும் இணைப்புக் கோடுகளைப் பெயர் வெட்டும் உளியாலேயே கீறினேன். ஜன்னல்களைக் கருநீலத்தில் தீட்டினேன். எல்லாம் கடையின் பின்கட்டில்தான். பையன் ஏதோ கட்டையைச் செதுக்கிக்கொண்டிருக்கிறான் என்பதற்கு மேல் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு பெரிய போராட்டம் நடந்துகொண்டிருந்தது. தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை. போன தடவை தங்கை தனுஷ்கோடியில் கப்பலேறி அக்கரை போய்ச் சேர்வதற்குள் வாந்தியெடுத்தே பாதி உடம்பாகியிருந்தாள். கைக்குழந்தையோடு அந்த அவதி வேண்டாம், பிளேனில் வந்துவிடு என்று அவர் வைகாசியில் கிளம்புவதற்கு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார். அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"கப்பல்ல போனா கீழ தண்ணியாவது இருக்கு. இதுல கீழ என்ன இருக்கு?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்.

அப்பா யார் பேசினாலும் "அதுவும் சரிதான்" என்பார். தங்கை அழுதால் அதுவும் சரிதான், அம்மா கத்தினால் அதுவும் சரிதான். கடைசியில் அம்மாவே ஒரு தீர்ப்பு சொன்னாள்.

"நீ புருஷன்கிட்ட போகணும்னா போ. நான் குறுக்க நிக்கல. பாப்பா இங்க இருக்கட்டும். நடக்க ஆரம்பிச்சதும் நானே கப்பல்ல கொண்டாந்து விடறேன்."

அம்மா கெட்டவள் இல்லை. அந்தக் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டுதான் அவள் தூங்குவாள். அந்தரத்தில் தொங்கும் ஒன்றில் அதை ஏற்றி அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். தங்கையோ எதிர்த்துப் பேசத் தெரியாதவள். கடையில் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்கக்கூடக் கூசுகிற பெண். சமையற்கட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுவாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். கட்டை செதுக்குகிறவனுக்குக் குழந்தையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டாள். எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை.

பெரிய கடை வீதிப் பக்கம் என் நண்பர் ஒருவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒரே வயதுதான் என்றாலும் நாங்கள் ஒருவருக்கொருவர் வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொள்வோம். நான் அவரை பாய் என்று கூப்பிடுவேன். அவருடைய மாமாவுக்குக் கொழும்பில் கடை இருந்தது. விமானத்தை முடித்ததும் ஒரு துணியில் சுற்றிக்கொண்டு போய் முதலில் அவரிடம்தான் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்! இதை மேஜை மேல வச்சு எடுத்தா பொம்மைங்க. தரையில வச்சு, கேமராவையும் தரையிலயே வச்சு எடுத்துப் பாருங்க, நிஜமாயிடும்" என்றார்.

அப்படித்தான் நாங்கள் காவேரிக்குப் போனோம். கோடையில் ஆறு வெறும் மணல். அம்மா மண்டபம் படித்துறைக்குக் கொஞ்சம் தள்ளி, மணலைப் பலகையால் சமப்படுத்தி விமானத்தை நிறுத்தினோம். அவருடைய பாக்ஸ் கேமராவுக்குக் கிட்டத்தில் இருப்பது எல்லாம் மங்கல்தான். அதற்கு நண்பர் ஒரு வழி வைத்திருந்தார். என் அப்பாவின் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, அதைக் கேமராவின் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். வயிறு மணலில் பட நான் குப்புறப் படுத்து எடுத்தேன். தூரத்தில் அக்கரை மரங்கள், அதற்குப் பின்னால் மலைக்கோட்டை. அன்றைக்கு அப்பா கடையில் எந்தத் தேதியையும் படிக்க முடியாமல் திண்டாடினார் என்பது தனிக்கதை.

பிரிண்ட் வந்தபோது எனக்கே புல்லரித்தது. சக்கரத்தடியில் மணலின் சுருக்கங்கள் பெரிய பள்ளங்களாகத் தெரிந்தன. வெயில் தகட்டில் வழுக்கியது. இறக்கையின் நிழல் ஒரு பந்தல் அளவுக்கு விழுந்திருந்தது. எவ்வளவு லட்சணமாக நிற்கிறது, இதைப் பார்த்தால் அம்மா மனசு மாறிவிடும் என்று நான் நினைத்தேன். விவரம் எதுவும் சொல்லாமல் தங்கையிடம் கொடுத்து அம்மாவிடம் காட்டச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் கடைக்கு வந்த ஒருவர், "ஆத்துல பிளேன் விழுந்துடுச்சாமே, பார்த்தீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்து வந்தவர் விழவில்லை, பெட்ரோல் தீர்ந்து இறங்கிவிட்டது என்றார். மூன்றாமவர், ஆளெல்லாம் பிழைத்துவிட்டார்கள், படமே வந்திருக்கிறது என்றார். படம் என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

கூடத்தில் அம்மா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தெருப் பெண்கள். "மலைக்கோட்டை தெரியுது பாருங்க. நான் தினம் குளிக்கப் போற எடம். போட்டோ பொய்யா சொல்லும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "ஏரோடிரோம் வேலிக்குள்ள இறங்க வேண்டியது ஆத்துல வந்து விழுந்து கெடக்கு. இதுலயா எம் பேத்திய ஏத்தச் சொல்றீங்க?"

அது நான் செய்த பொம்மை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. மகன் தங்கைக்காகப் பொய் சொல்கிறான் என்று நினைத்தாள். என் வாழ்நாளில் ஒரு வேலையை நன்றாகச் செய்துவிட்டதற்காக நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான். ஸ்டூடியோ நண்பர் கேள்விப்பட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், தங்கையின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். நான் வீட்டைவிட்டு வரும்போது அவள் குழந்தையின் சட்டைகளைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அம்மா குளிக்கக் கிளம்பும்போது நான் விமானத்தையும் நண்பரின் கேமராவையும் எடுத்துக்கொண்டு கூடவே போனேன். தங்கையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதே இடத்தில் விமானத்தை மணலில் வைத்தேன். கேமராவை வைத்தேன். "இங்க குனிஞ்சு பாரும்மா" என்றேன். அம்மா முட்டி போட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கேமராவின் மேல்பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் பார்த்தாள். தலையைத் தூக்கி மணலில் இருந்த விமானத்தைப் பார்த்தாள். மறுபடி குனிந்து பார்த்தாள். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்து சிரித்தாள் பாருங்கள், குளிக்க வந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் அவள் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை.

சிரித்து ஓய்ந்ததும் விமானத்தைக் கையில் எடுத்தாள். மடியில் வைத்துத் தடவினாள். கருநீல ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"உள்ள எப்படிடா இருக்கும்?"

"உள்ள ஒண்ணும் கிடையாதும்மா. கட்டைதான்."

"உள்ள ஒண்ணுமே இல்லாம இதை எதுக்குடா செஞ்சே? மனுஷங்க உட்கார எடமே இல்ல. எம் பொண்ணு எங்க உட்காருவா? தூளி எங்க கட்டுறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெளியே அத்தனை கை பெயிண்ட், அத்தனை கோடு, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, உள்ளே ஒன்றும் இல்லையாம். "பொம்மைக்குள்ள யாரும்மா பார்ப்பாங்க?" என்றேன். "நான் பார்ப்பேன்" என்றாள் அம்மா. அப்போது தங்கை என்னைப் பார்த்தாள். உள்ளேயும் செய்துகொடு என்று கண்ணால் கேட்டாள். வாயால் கேட்கத் தெரியாதவள் என்றுதான் சொன்னேனே.

புதிதாக ஒன்று செய்ய நாளில்லை. பின்கட்டில் விமானத்தை இடுக்கியில் மாட்டி, முதுகில் சின்ன ரம்பத்தை வைத்தபோது என் பல் கூசியது. சில்வர் பொடி மடியில் உதிர்ந்தது. முதுகை நீளமாக ஒரு மூடிபோல் அறுத்தெடுத்து, உளியால் வயிற்றைக் குடைந்தேன். ஜன்னல்களைத் துளைத்து, வீணாய்ப்போன பிலிமை வெந்நீரில் கழுவிக் கண்ணாடியாக்கி ஒட்டினேன். உள்ளே எப்படி இருக்கும் என்று நண்பர்தான் சொன்னார். மாமாவைப் பார்க்க ஒருமுறை பிளேனில் போய்வந்தவர். வீட்டுக்கே வந்து அம்மாவுக்கு நடந்து காட்டினார்.

"இங்க பின்னால கதவுங்கம்மா. ஏணி வச்சு ஏறணும். ஏறினதும் மேடு ஏறுற மாதிரி இருக்கும், வால் பக்கம் தரையில இருக்குல்ல, அதான். பயப்பட வேண்டியதில்ல. நடுவுல வழி, ரெண்டு பக்கமும் சீட்டு. மேல வலை இருக்கும்."

"அப்ப தூளிக்கு வலை இருக்கு" என்றாள் அம்மா திருப்தியாக. அது பை வைக்கிற வலை என்று சொல்ல நண்பர் வாயெடுத்தார். நான் கண் ஜாடை காட்டினேன். "இன்ஷா அல்லாஹ், பாப்பா மடியிலயே தூங்கிடும்மா" என்று முடித்துக்கொண்டார்.

தீப்பெட்டிச் சில்லில் இருக்கைகள் செய்து, நகைப்பெட்டிக்குள் இருக்கும் சிவப்பு வெல்வெட்டை ஒட்டினேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். முடிந்ததும் ஒரு புளியங்கொட்டையையும் ஒரு குன்றிமணியையும் கொண்டுவந்தாள். புளியங்கொட்டை என் தங்கை. குன்றிமணி குழந்தை. ஒவ்வொரு இருக்கையிலும் இரண்டையும் வைத்து மூடியை மூடி, விமானத்தை அலமாரி விளிம்பில் நிறுத்தி, தான் தள்ளிப்போய்த் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். அந்தத் தரைதான் ஏரோடிரோம் வேலி. முன்பக்க ஜன்னல்களை இறக்கை மறைத்தது. கதவை ஒட்டியதில் ஏறுகிறவர்கள் ஏணியில் நின்று மறைப்பார்களாம். மாற்றி மாற்றி வைத்தாள். கதவுக்கு முன்னால் இரண்டாவது ஜன்னலுக்கு வந்ததும் அங்கேயே நிறுத்தினாள். குன்றிமணியின் சிவப்பு அதில் பளிச்சென்று தெரிந்தது.

பிறகு தங்கையைக் கூப்பிட்டாள்.

"வேலிக்கு இந்தப் பக்கம் நான் நிப்பேன். நீ இந்த ஜன்னல்லதான் உட்காரணும். பாப்பாவை வெளிய பார்த்த மாதிரி வச்சுக்க."

அவ்வளவுதான் அனுமதி. தங்கை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அதுவும் சரிதான்" என்றார் அப்பா, இந்தத் தடவை பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டே.

அறுபதுகளில் மாப்பிள்ளை கொழும்பிலிருந்து பிளாஸ்டிக்கில் வரும் விமானப் பெட்டிகளை எனக்கு வாங்கிவருவார். வெட்ட வேண்டாம், குடைய வேண்டாம், ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் போதும். அவற்றையும் நான் ஆசையாகச் செய்தேன். ஆனால் உள்ளே இருக்கை வைக்காமல் ஒன்றைக்கூட மூடியதில்லை. மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். யாருக்காக இந்த வேலை என்று கேட்டவள் எனக்கு அம்மாவாகக் கிடைத்தாள். நான் செய்த வேலையில் ஏதாவது உயிர் இருக்குமானால் அது அவள் கேட்ட கேள்வியால் வந்தது என்று நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன்.

அந்த வைகாசியில் தங்கை கிளம்பிய நாளன்று ஏரோடிரோமில் நல்ல வெயில். குழந்தையின் கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. அம்மா அழவில்லை. தங்கையின் காதில் ஏதோ சொல்லிவிட்டு விறுவிறுவென்று வேலியோரம் போய், வாகான இடத்தைப் பிடித்துக்கொண்டாள். தங்கை குழந்தையையும் பையையும் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்ததால் கடைசி ஆளாகத்தான் ஏணி ஏறினாள். எல்லோரும் பொதுவாகப் பிளேனைப் பார்த்துக் கையாட்டினார்கள். அம்மா மட்டும் அந்த ஒரு ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினாள். எனக்கு ஜன்னல் கண்ணாடிகளில் வெயில் அடித்த பளபளப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. காற்றாடிகள் சுழன்றன, புழுதி எழுந்தது.

"பாப்பா முழிச்சுக்கிட்டு இருக்கா. என்னையே பாக்குறா" என்றாள் அம்மா.

"ஆமாம்மா" என்றேன். அவள் மனசுக்காகச் சொன்னேன். பிளேன் கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் கையை இறக்கவில்லை.

அடுத்த முறை தங்கை ஊருக்கு வந்திருந்தபோது பேச்சுவாக்கில் அந்த ஜன்னலைப் பற்றிக் கேட்டேன். பிளேனில் யாருக்கும் தனி இடம் என்று கிடையாதாம், முதலில் ஏறியவர் முதலில் உட்கார்ந்துகொள்வதாம். இவள் ஏறியபோது கதவுக்கு முன்னால் இரண்டாவது ஜன்னலில் ஒரு பெரியவர் கோட்டும் சூட்டுமாகப் பேப்பரை விரித்துவைத்து உட்கார்ந்திருக்கிறார். வேறு இடம் காலியாக இருக்கிறது. மீதிச் சில்லறையைக் கேட்கக் கூசுகிற என் தங்கை அவர் முன்னால் போய் நின்றிருக்கிறாள்.

"ஐயா, வெளிய எங்கம்மா நிக்கிறாங்க. அவங்களுக்கு இந்த ஒரு ஜன்னல்தான் தெரியும்."

அவர் உடனே பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டாராம். அவர் யார், எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

"பாப்பா அப்ப தூங்கிட்டாளா?" என்று கேட்டேன்.

"எங்க தூங்கினா அண்ணே? கண்ணைக் கொட்டாம அம்மாவையே பார்த்துக்கிட்டு இருந்தா."